சம்ப் நிரம்புவதற்குள் ஒரு வார்த்தை

ஏப்ரல் 7, 2025, திங்கள்

எல்லாவற்றையும் நான் முன்பே சொன்னேன். பங்குனி முடிவதற்குள் போர்வெல் வற்றும் என்றேன், வற்றியது. இனி லாரித் தண்ணீர்தான் என்றேன், வந்தது. லாரி நம்பரை வைத்து செக்ரட்டரி திருமுருகன் சார் ஆரம்பித்திருக்கும் இங்கிலீஷ் விளையாட்டு இந்த அயப்பாக்கம் ஃபிளாட்ஸில் உள்ள நூற்றுப் பன்னிரண்டு வீட்டையும் பைத்தியமாக்கும் என்றேன். ஆக்கிவிட்டது. யாரிடம் சொன்னாய் என்று கேட்டால், என் வீட்டுக்காரி கெங்கம்மாளிடம் சொன்னேன். அவள் கேட்கவில்லை என்பாள். மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது.

விளையாட்டு இதுதான். காலையில் முதல் லாரி கேட்டுக்குள் வந்ததும் அதன் நம்பர் பிளேட்டை நான் போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குரூப்பில் போடுவேன். அதில் இரண்டு இங்கிலீஷ் எழுத்து இருக்குமல்லவா, அந்த இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வருகிற வார்த்தையாகக் கண்டுபிடித்து அனுப்ப வேண்டும். நீளமான வார்த்தை ஜெயிக்கும். நீளம் சமமென்றால் முதலில் அனுப்பியவர். தரைக்கடியில் உள்ள சம்ப் தொட்டி நிரம்பி நான் வால்வை மூடியதும் ஆட்டம் முடிந்தது. இருபத்திரண்டு நிமிடம். டாக்டர், என்ஜினியர், கம்ப்யூட்டர்காரர்கள் எல்லாம் பல் துலக்காமல் போனைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள்.

நான் இங்கே மோட்டார் ஆபரேட்டர். வெளியே கேட்டால் வாட்டர் மேனேஜர் என்பேன். படிப்பு எட்டாவது. அதுவும் முக்கால்வாசி.

ஏப்ரல் 9, புதன்

இன்று சி, டி. நான் அனுப்பியது கன்ஜங்டிவைடிஸ். பதினான்கு எழுத்து! குரூப்பில் கைதட்டுகிற பொம்மையாக வந்து விழுந்தது. ‘அங்கிள், நீங்க எட்டாவதுன்னு சொன்னது பொய்’ என்று ஒருவர். பாடி பக்கம் ஒரு ஃபேக்டரியில் பிரஸ் மிஷினில் இருந்தபோது ஜெர்மன்கார என்ஜினியர் ஒருவர் என்னை டிக்‌ஷனரி என்றுதான் கூப்பிடுவார் என்று பதில் போட்டேன். (ஜெர்மன்காரர் வந்தது உண்மை. என்னைக் கூப்பிட்டாரா என்பது வேறு.)

பி பிளாக் நூற்று மூன்றில் தனியாகக் குடியிருக்கும் ஜமீலா அம்மா இரண்டாவது. ரீகன்ஸ்ட்ரக்‌ஷன் என்று அனுப்பினார். அதுவும் பதினான்குதான். நான் முந்திக்கொண்டேன்.

ஏப்ரல் 10, வியாழன்

ஜமீலா அம்மா மோட்டார் ரூம் வாசலில் நின்று, “வேம்புலி, நேத்து அனுப்புனீங்களே, அந்த வார்த்தை உங்களுக்கு எப்படித் தெரியும்?” என்று கேட்டார்.

“போன வருஷம் எனக்கு மெட்ராஸ் ஐ வந்துச்சும்மா. டாக்டர் சீட்டுல எழுதினாரு. அப்பவே மனசுல ஒட்டிக்கிச்சு.”

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “அப்படியா” என்றார். சிரித்துவிட்டுப் போனார்.

எனக்கு மெட்ராஸ் ஐ வந்ததே இல்லை.

ஏப்ரல் 12, சனி

என் டைரியில் எனக்கென்ன வெட்கம். எழுதிவிடுகிறேன்.

லாரி டிரைவர் ஜெகன் செம்பரம்பாக்கம் பக்கம் கிணற்றில் தண்ணீர் ஏற்றிக்கொண்டு வருகிறவன். கான்ட்ராக்டரிடம் நாலு லாரி. எந்த லாரி கையில் கிடைக்கிறதோ அதை எடுத்து வருவான். குமணன்சாவடி சிக்னலில் நின்று தினமும் எனக்குப் போன் போடுவான். “அண்ணாத்தே, சிக்னலாண்ட கீறேன். சம்ப் மூடிய தொறந்து வையி.” ஒரு நாள் பேச்சுவாக்கில் இன்று எந்த வண்டி என்று கேட்டேன். சொன்னான். அவ்வளவுதான். அவன் வந்து சேர அரை மணி ஆகும். அந்த அரை மணியும் எனக்கு மட்டும்.

போனில் ஒரு தளம் இருக்கிறது. எழுத்தைப் போட்டால் அந்த எழுத்து உள்ள இங்கிலீஷ் வார்த்தைகளை எல்லாம் நெல் கொட்டுகிற மாதிரி கொட்டுகிறது, நீளமானது மேலே. அதை அப்படியே நகலெடுத்து வைத்துக்கொண்டு, போட்டோவைப் போட்ட கையோடு ஒட்டிவிடுவேன். அர்த்தம் தெரியாது. கன்ஜங்டிவைடிஸ் என்றால் மெட்ராஸ் ஐ என்று யாரோ குரூப்பில் எழுதிய பிறகுதான் எனக்கே தெரியும்.

இதைத் திருட்டு என்று சொல்ல முடியாது. கலெக்டர் பரீட்சைக்குப் போகிறவன் வீட்டில் உட்கார்ந்து தயார் செய்கிறானா இல்லையா?

ஏப்ரல் 20, ஞாயிறு

ஏ, எக்ஸ். நான் ரிலாக்ஸேஷன். தொடர்ந்து இரண்டாவது வாரமாக சாம்பியன். சி பிளாக் குழந்தைகள் என்னை டிக்‌ஷனரி தாத்தா என்கின்றன. தாத்தா வேண்டாம், அங்கிள் போதும் என்று சொல்லி வைத்தேன்.

ஏப்ரல் 25, வெள்ளி

திருமுருகன் சார் மோட்டார் ரூமுக்கே வந்துவிட்டார். கையில் லேப்டாப். கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர், எதையும் கட்டம் போட்டுத்தான் பார்ப்பார். யார், எந்த வார்த்தை, போட்டோ வந்து எத்தனை செகண்டில் என்று எல்லாம் கட்டத்தில் இருந்தது.

“அங்கிள், ரெண்டு பேர் மட்டும் தினமும் முதல் நிமிஷத்துலயே பெரிய வார்த்தை அனுப்புறாங்க. ஒண்ணு நீங்க, இன்னொண்ணு ஜமீலா ஆன்ட்டி. யாருக்கோ எழுத்து முன்னாடியே தெரியுது. லாரி வர்றதுக்கு முன்னாடி டிரைவர் யாருக்காவது போன் பண்றாரா?”

என் வாய் தானாகத் திறந்தது.

நடந்ததைச் சொன்னேன். போன வாரம் ஒரு காலை, பி பிளாக் மாடிப்படியில் ஜமீலா அம்மா போனில் பேசிக்கொண்டிருந்தார். நான் வால்வு பார்க்கப் போனவன், படிக்குக் கீழே நின்றேன். மஞ்சள் துப்பட்டா. இடது கையில் போன். “ஜெகன், இன்னிக்கு எந்த வண்டிப்பா? நம்பர் சொல்லு” என்று மெல்லக் கேட்டார். என்னைக் கண்டதும் போனை மறைத்தார்.

திருமுருகன் சார் லேப்டாப்பை மூடினார். “ச்சே, அவங்களா?” என்றார். “நான் அவங்களைப் பத்தி இப்படி நினைச்சதே இல்லை.”

“எனக்கும் மனசே ஆறல சார்” என்றேன்.

ஏப்ரல் 27, ஞாயிறு

குரூப்பில் திருமுருகன் சார் கேட்டுவிட்டார். மரியாதையாகத்தான் கேட்டார். ‘ஜமீலா ஆன்ட்டி, லாரி டிரைவர் போன் நம்பர் உங்களிடம் இருக்கிறதா?’

ஐந்து நிமிடம் கழித்து பதில் வந்தது. ‘இருக்கிறது. மார்ச் 23 அன்று வேம்புலி ஆவடிக்குப் போயிருந்தார். தண்ணீர் இறக்க அவர்தான் நம்பர் கொடுத்தார்.’

‘அங்கிள், அப்படியா?’ என்று திருமுருகன் சார் கேட்டார்.

என் போனில் சார்ஜ் இல்லை. எப்படிப் பதில் போடுவது?

மாலையில் பார்த்தபோது குரூப்பில் நாற்பத்தொரு மெசேஜ். ‘விளையாட்டிலேயே இப்படியா’, ‘இந்த வயதிலா’, ‘ஃபாரம் எழுத இவரிடமா நம் ஆதார் நகல் எல்லாம் கொடுத்தோம்’. கடைசியில் ஒரே வரி: ஜமீலா குரூப்பை விட்டு வெளியேறினார்.

ஏப்ரல் 29, செவ்வாய்

கிளப் ஹாலுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறை இருக்கிறது. அதன் சாவி இரண்டு வருடமாக ஜமீலா அம்மாவிடம்தான். சாயங்காலம் ஐந்து முதல் ஏழு வரை மேசை போட்டு உட்காருவார். இங்கிலீஷில் ஃபாரம் நிரப்ப முடியாதவர்கள் எல்லாம் அங்கே போவார்கள். கூட்டுகிறவர்கள், வாட்ச்மேன்கள், பக்கத்துக் காலனிக்காரர்கள். பேங்க், ஸ்கூல், ஆஸ்பத்திரி, எந்தக் காகிதமானாலும் எழுதிக் கொடுப்பார். ஒரு பைசா வாங்கமாட்டார். யாராவது முருங்கைக்காய் கொடுத்தால் வாங்கிக்கொள்வார்.

இன்று சாவியை ஆபீஸில் கொண்டுவந்து வைத்தார். யாரும் கேட்கவில்லை, அவராகத்தான் வைத்தார். நான் அங்கே பேரேட்டில் மோட்டார் நேரம் எழுதிக்கொண்டிருந்தேன். என்னைப் பார்த்து, “வேம்புலி, அந்த ரூம்ல ஃபேன் சத்தம் போடுது, எண்ணெய் விடச் சொல்லுங்க” என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை? கேட்டிருக்கலாமே என்னை. நாலு பேர் எதிரில் கேட்டிருக்கலாமே.

மே 2, வெள்ளி

ஏ, ஆர். போட்டோ போட்டேன். வார்த்தை அனுப்பவில்லை. கழுத்து வலி.

மே 6, செவ்வாய்

கூட்டுகிற முனியம்மா ஒரு ஃபாரத்தோடு மோட்டார் ரூமுக்கு வந்தாள். பேங்கில் அவள் கணக்கை நிறுத்தி வைத்திருக்கிறார்களாம். இந்தக் காகிதத்தை நிரப்பிக் கொடுத்தால்தான் சம்பளம் எடுக்க முடியும்.

“ஜமீலாம்மா ரூமு பூட்டிக் கீது. நீதான் சாம்பியன் ஆச்சே அண்ணே, நீ எழுதிக் குடேன்.”

வாங்கி வைத்தேன். என்ன செய்வது? நாலு பக்கம். கட்டம் கட்டமாக. ஒரு கட்டத்தில் ஒரு எழுத்துதான் போட வேண்டுமாம். நான் பெரிய ஆள் மாதிரி கண்ணாடியை மாட்டிக்கொண்டு, “இதெல்லாம் எனக்கு ஜுஜுபி, நீ போய் பெருக்கு” என்று அனுப்பிவிட்டேன். பிறகு ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். பதினான்கு எழுத்து வார்த்தை அனுப்பியவன். அந்தத் தாளில் எனக்குப் புரிந்தது நேம் ஒன்றுதான். மீதியை ஒரு குத்துமதிப்பாகப் போட்டேன்.

மே 13, செவ்வாய்

ஃபாரம் திரும்பி வந்துவிட்டது. அவள் புருஷன் பெயர் வரவேண்டிய இடத்தில் பேங்க் பெயரை எழுதியிருக்கிறேனாம். கையெழுத்து வைக்கக் கூடாத இடத்தில் அவளைக் கைநாட்டு வைக்கச் சொல்லியிருக்கிறேனாம். கவுன்ட்டரில் இருந்தவர், இதை எழுதியது யார் என்று கேட்டாராம். ‘எங்க ஃபிளாட்ஸ் சாம்பியன்’ என்று இவள் சொல்ல, வரிசையில் நின்றவர்கள் சிரித்திருக்கிறார்கள்.

“பரவால்ல வுடு அண்ணே. ஒருநாள் லீவு போட்டு அம்பத்தூர் போயி எழுதிக்கினு வர்றேன்” என்றாள். எனக்கு ஆறுதல் சொல்கிறாள், அவளுக்கு ஒருநாள் கூலி போச்சு.

வீட்டில் கெங்கம்மாளிடம், பேங்க்காரனுக்கு விவரம் போதாது, நான் எழுதியது புதுமுறை ஃபாரம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் தட்டை வைத்துவிட்டு என்னையே பார்த்தாள்.

“யோவ், உன்னாண்ட ஒண்ணு கேக்கட்டா? ஜமீலாம்மா படிக்கட்டுல போன் பேசுச்சின்னியே. அந்தம்மா மாடிப்படி ஏறி எத்தினி மாசம் ஆச்சு தெரியுமா? முட்டிக்கு ஆஸ்பத்திரி போயிகினு கீது. அது இருக்குறதே கிரவுண்ட் ஃப்ளோரு. அது எதுக்குயா படிக்கட்டுல நிக்கப் போவுது?”

“லிஃப்ட் ரிப்பேரா இருந்திருக்கும்.”

“கிரவுண்ட் ஃப்ளோருக்கு இன்னாத்துக்குயா லிஃப்டு?”

நான் குழம்பை இன்னும் கொஞ்சம் ஊற்றிக்கொண்டேன். அவள் சட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். “ஊருல நீ இன்னா வேணா சேத்து வுடு. என்னாண்ட வோணாம்” என்று மட்டும் சொன்னாள்.

மே 16, வெள்ளி

எழுதித்தான் ஆக வேண்டும்.

ஏப்ரல் 25ஆம் தேதி எழுதியது நடக்கவில்லை. படிக்கட்டும் இல்லை, போனும் இல்லை. மஞ்சள் துப்பட்டாவும் நான் போட்டுவிட்டதுதான். திருமுருகன் சார் அந்தக் கட்டத்தைக் காட்டியபோது என் பெயர் மேலே இருந்தது. அடுத்தது ஜமீலா அம்மா பெயர். என் பெயரை அழிக்க வேண்டும் என்று மட்டும்தான் நினைத்தேன். அவரைப் பற்றி நினைக்கவே இல்லை. ஒரு பேச்சுக்குத்தான் ஆரம்பித்தேன். சொல்லச் சொல்ல எனக்கே கண்ணில் தெரிந்தது. அன்று மாலை இந்த டைரியிலும் அப்படியே எழுதினேன், யாரும் படிக்காத டைரியில். எதற்கு? எழுதிவிட்டால் நடந்ததாகிவிடும் என்று நினைத்தேனா?

27ஆம் தேதி என் போனில் அறுபத்தெட்டு பர்சன்ட் சார்ஜ் இருந்தது.

மார்ச் 23 ஜெகன் நம்பரை அவருக்குக் கொடுத்தது நான்தான். ஆவடியில் மச்சான் மகளுக்கு மஞ்சள் நீராட்டு விழா. ‘ஒருநாள் மட்டும் பாத்துக்குங்கம்மா’ என்று நான்தான் கெஞ்சினேன். அவர் முட்டிவலியோடு சம்ப் மூடியருகே நாற்காலி போட்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். அவர் எனக்குச் செய்த உதவியையே அவருக்கு எதிராகச் சாட்சியாக வைத்துவிட்டார்கள். நான் சும்மா இருந்தேன்.

மே 20, செவ்வாய்

இன்று ஜெகன் தண்ணீர் இறக்கிக்கொண்டே கேட்டான், “அந்த வார்த்தை வெளையாட்டுல யாரோ ஒரு லேடீஸ் என்னாண்ட நம்பர் கேட்டாங்கன்னு ஊடு ஊடா பேசிகினு கீறாங்களாமே, யாரு அண்ணாத்தே அது?”

அவனை இதுவரை ஒருவரும் விசாரிக்கவில்லை. ஒரு தடவை கூப்பிட்டுக் கேட்டிருந்தால் அன்றே முடிந்திருக்கும். லாரி டிரைவரை யார் கேட்பார்கள்?

பி பிளாக் ஜமீலா அம்மா என்றேன். அவன் குழாயை அப்படியே விட்டான்.

“ஜமீலாக்காவா? எஸ்டேட்டு கேட்டுல இருந்த ஜமீலாக்காவா? இங்கியா கீது? அன்னிக்கு கிளீனர் பையன்தான் எறங்கினான், நான் மூஞ்சியக்கூட சரியா பாக்கல அண்ணாத்தே, அன்னிக்கு குல்லா மாதிரி துணி கட்டிகினு வெயில்ல குந்திகினு இருந்துச்சு.”

பிறகு சொன்னான். ஜமீலா அம்மா அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு ஃபேக்டரி கேட்டில் இருபத்தாறு வருடம் வண்டி நம்பர் எழுதுகிற வேலை பார்த்தவராம். உள்ளே வருகிற லாரி, வெளியே போகிற லாரி, எல்லாவற்றையும் ரெஜிஸ்டரில் ஏற்ற வேண்டும். தகரக் கூண்டு. ஒரு வண்டிக்கும் அடுத்த வண்டிக்கும் நடுவில் பேசக்கூட ஆள் கிடையாது. அதனால் ஒவ்வொரு வண்டியின் எழுத்தையும் பார்த்து மனசுக்குள் ஒரு வார்த்தை கட்டிக்கொள்வாராம்.

“நான் அப்ப பி ஆர் வண்டி ஓட்டிகினு இருந்தேன். அந்தக்கா என்ன ‘அம்ப்ரெல்லா’ன்னுதான் கூப்புடும். ‘வாப்பா அம்ப்ரெல்லா, சலான காட்டு’ன்னும். இன்னொருத்தன் ‘லைப்ரரி’. அவன் எழுதப் படிக்கத் தெரியாதவன், அவன் பேரு லைப்ரரி!” ஜெகன் சிரித்தான். “மழை பேஞ்சா கூண்டுக்குள்ள நிக்கச் சொல்லும். டீ குடுக்கும். அதுவா அண்ணாத்தே சீட்டிங் பண்ணுச்சு? அதுக்கு எழுத்த காட்டினாலே போதுமே. போனு எதுக்கு?”

சம்ப் நிரம்பி வழிந்துவிட்டது. நான் வால்வை மூட மறந்துவிட்டேன். ஒன்பது வருடத்தில் முதல் தடவை.

மே 21, புதன்

ஜெகன் குமணன்சாவடியிலிருந்து போன் போட்டான். எந்த வண்டி என்று நான் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை.

மே 25, ஞாயிறு

பி பிளாக் நூற்று மூன்று காலியாகிறதாம். ஜூன் 8. ஜமீலா அம்மா ஆம்பூரில் தம்பி வீட்டுக்குப் போகிறார். தம்பி வீட்டில் ஏற்கெனவே ஒன்பது பேர், தனக்கென்று ஒரு மேசை வைக்கக்கூட இடம் இருக்காது என்று முனியம்மாவிடம் சொல்லி வருத்தப்பட்டாராம். திருமுருகன் சார் நோட்டீஸ் போர்டில் ‘வாடகைக்கு’ என்று ஒட்டச் சொன்னார். ஒட்டியது நான்.

இன்றைக்கே சொல்லியிருக்கலாம். அவர் என் பக்கத்தில்தான் நின்றார். “சார்” என்றேன். “என்ன அங்கிள்?” என்றார். “செலோ டேப் தீர்ந்துபோச்சு” என்றேன்.

ஜூன் 1, ஞாயிறு

மாதக் கூட்டம். கிளப் ஹாலில் முப்பது பேர் இருந்தார்கள். சம்ப் கழுவுகிற விஷயம் பேசி முடித்ததும் எழுந்தேன். கெங்கம்மாளை வரச் சொல்லியிருந்தேன், வாசல் பக்கம் நின்றிருந்தாள். அவள் பார்த்துக்கொண்டிருந்தால் அதிகமாகச் சேர்க்கமாட்டேன் என்றுதான்.

முதலில் சேர்க்கத்தான் செய்தேன். எனக்கு அன்று காய்ச்சல், தலை சுற்றியது, யாரைப் பார்த்தேன் என்று சரியாகத் தெரியவில்லை என்று ஆரம்பித்தேன். அவள் கண்ணைப் பார்த்தேன். நிறுத்திவிட்டேன்.

“காய்ச்சல் எல்லாம் இல்ல சார். ஜமீலா அம்மா யாருக்கும் போன் பண்ணல. டிரைவர் தினம் எனக்குத்தான் போன் பண்ணுவான். எழுத்து எனக்குத்தான் முன்னாடியே தெரியும். வார்த்தையும் எனக்குத் தெரியாது, போன்ல பாத்து ஒட்டுவேன். மாட்டிக்குவேன்னு அவங்க பேரச் சொல்லிட்டேன். டிரைவர் நம்பரும் நான் கொடுத்ததுதான்.”

 ஏ பிளாக் சபீனா மேடம்தான் முதலில் பேசினார். “அன்னிக்கு நாமளும்தானே ஆளாளுக்கு எழுதினோம். ஒருத்தராவது அவங்க கதவைத் தட்டிக் கேட்டோமா?”

திருமுருகன் சார் என் பக்கம் திரும்பினார். “அங்கிள், ஒரு கேம்... வெறும் கேம்” என்றார். பிறகு, “நான் அதைக் குரூப்புல கேட்டிருக்கக் கூடாது” என்றார்.

என்னை வேலையைவிட்டு அனுப்புவார்கள் என்று நினைத்துக்கொண்டு போனேன். அனுப்பவில்லை. மோட்டாரை வேறு யார் பார்ப்பது என்றார்கள். விளையாட்டை நிறுத்திவிடலாம் என்றார்கள். அவ்வளவுதான், அடுத்து லிஃப்ட் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். யாராவது காலரைப் பிடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மாலையில் அசோசியேஷன் சார்பில் ஜமீலா அம்மாவுக்கு மன்னிப்பு என்று நாலு வரி குரூப்பில் வந்தது. முப்பத்தேழு பேர் கைகூப்புகிற பொம்மை போட்டார்கள். அந்தக் குரூப்பில் ஜமீலா அம்மா இல்லை.

ஜூன் 3, செவ்வாய்

நூற்று மூன்று வாசல் வரை போனேன். உள்ளே குக்கர் விசில் அடித்தது. சமைக்கிற நேரத்தில் தொந்தரவு வேண்டாம் என்று திரும்பிவிட்டேன்.

ஜூன் 5, வியாழன்

இன்றும் போனேன். இன்று விசில் எதுவும் இல்லை. திரும்பி வந்தேன்.

ஜூன் 8, ஞாயிறு

ஜமீலா அம்மா போய்விட்டார்.

காலை ஏழு மணிக்கே வேன் வந்துவிட்டது. வால்வை மூடிவிட்டு நேராக நூற்று மூன்றுக்குப் போனேன். கதவு திறந்துதான் இருந்தது. ஹாலில் அட்டைப் பெட்டிகள். அவர் கீழே உட்கார்ந்து ஒரு பெட்டிக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். ஜெகன் போன், அந்தத் தளம், மாடிப்படி, மஞ்சள் துப்பட்டா, அறுபத்தெட்டு பர்சன்ட். ஒன்றையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. திருமுருகன் சார் புதன்கிழமையே வந்து சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். ஆனாலும் நடுவில் நிறுத்தாமல் முழுதும் கேட்டார்.

“எனக்கு முதல் நாளே தெரியும் வேம்புலி” என்றார்.

“இன்னாம்மா சொல்றீங்க?”

“நீங்க போட்டோ போட்டு எட்டு செகண்டுல அந்தப் பெரிய வார்த்தை வந்துச்சு. பதினாலு எழுத்தை எட்டு செகண்டுல யாரு அடிக்க முடியும்? நான் இருபத்தாறு வருஷம் கடிகாரத்தையும் வண்டியையும் பாத்தவ. மறுநாள் வந்து கேட்டேனே. நீங்களா சொல்லுவீங்கன்னு பாத்தேன். மெட்ராஸ் ஐன்னீங்க.”

“அப்பவே குரூப்ல போட்டிருக்கலாமேம்மா.”

“எதுக்கு? குழந்தைங்க உங்களை டிக்‌ஷனரின்னு கூப்பிட்டு சந்தோஷமா இருந்துச்சுங்க. நீங்களும் இருந்தீங்க. விளையாட்டுதானேன்னு விட்டுட்டேன்.”

 மன்னிச்சுடுங்கம்மா என்றேன். அவர் தலையைத் தூக்கிப் பார்த்து, “மன்னிச்சுட்டேன், போங்க” என்றார். பிறகு பெட்டிகளை இறக்கினேன். பீரோவை நானும் வேன்காரனும் தூக்கினோம். ஜெகன் லாரியைக் காலி செய்துவிட்டு ஓடி வந்தான். அவனைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. “அம்ப்ரெல்லா! நரைச்சுப்போச்சே உனக்கு” என்றார். அவன் அழுதுவிட்டான். முனியம்மா ஒரு கட்டு முருங்கைக்காயை வேனுக்குள் போட்டாள். திருமுருகன் சார் அந்த அறைச் சாவியைக் கொண்டுவந்து நீட்டினார், இருங்க ஆன்ட்டி, வாடகை எல்லாம் ஓனர்கிட்ட நான் பேசுறேன் என்றார். அவர் சாவியை வாங்கவில்லை. “முட்டி வலியோட அங்க உக்காந்தது எழுதுறதுக்காக மட்டும் இல்ல தம்பி. நம்பி வந்தாங்க. இனிமே வர்றவங்க ஒரு தடவை யோசிச்சுட்டுத்தான் வருவாங்க” என்றார். கேட்டை நான்தான் திறந்துவிட்டேன்.

இப்போது மணி பதினொன்று. கெங்கம்மாள் அடுப்படியிலிருந்து, “இன்னாய்யா சொல்லுச்சு அந்தம்மா?” என்று கேட்டாள். இதோ இதைப் படித்துக் காட்டலாம் என்றுதான் டைரியோடு எழுந்தேன். போய் அவள் எதிரில் நின்றேன். டைரியைத் திறக்காமலே திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டேன்.

மேலே எழுதியதில் எட்டு செகண்ட் உண்மை. விளையாட்டுதானே என்று விட்டது உண்மை. ஜெகன் அழுதது, சாவியை வாங்காதது, எல்லாம் நடந்தது. மன்னிச்சுடுங்கம்மா என்று நான் கேட்டதும் நடந்தது. அவர் தலையைத் தூக்கவில்லை. கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டார், அடுத்த பெட்டியை இழுத்துக்கொண்டார். மன்னிச்சுட்டேன் என்ற வார்த்தையை மட்டும் நான் போட்டுக்கொண்டேன்.